செய்தியோடையும் பாட்காஸ்ட்டும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணையத்தில் விரும்பிப் படிப்பவற்றையும் கேட்பவற்றையும் ஓரிடத்தில் வரவழைத்துக்கொள்வது எப்படி என்று வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் அக்கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: நான் தொடர்ந்து படிக்கும் வலைப்பதிவுகளும் இணைய இதழ்களும் ஒரு பதினைந்து இருக்கும். புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று நாள்தோறும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஏமாறுவதே வேலையாகிவிட்டது. செய்தியோடையைப் பயன்படுத்தினால் இந்த அலைச்சல் இராது என்கிறார் என் மருமகன். அது என்ன, எப்படித் தொடங்குவது? (ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கும்பகோணம்)

பதில்: மருமகன் சொல்வது சரிதான். பெரும்பாலான வலைப்பதிவுகளும் இதழ்களும் நாம் பார்க்கும் பக்கங்களைத் தவிர இன்னொரு கோப்பையும் வைத்திருக்கின்றன. கடைசியாக வெளியான பத்து அல்லது இருபது பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, வெளியான நேரம், அவற்றோடு ஒரு சுருக்கமோ முழு உரையோ, எந்த அலங்காரமும் இல்லாமல் அதில் அடுக்கப்பட்டிருக்கும். புதிய பதிவு ஒன்று வந்தால் அது மேலே சேரும். பழையது ஒன்று கீழே கழியும். இந்தக் கோப்புதான் செய்தியோடை; அதன் பரவலான வடிவத்துக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். அதைப் படித்துக் காட்டும் செயலியை ஃபீட் ரீடர் என்பார்கள்.

ரேஷன் கடைப் பலகையில் இன்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவர வீட்டுப் பையனை அவ்வப்போது அனுப்புவோமே, அந்த வேலையைத்தான் இந்தச் செயலி உங்களுக்காகச் செய்கிறது. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை பதினைந்து தளங்களின் ஓடைகளையும் பார்த்துவிட்டு, புதியவற்றை மட்டும் உங்கள் முன் வைக்கும். சென்ற முறைக்குப் பின் மாற்றம் எதுவும் இல்லையென்று தளம் சொல்லிவிட்டால் கோப்பை மறுபடியும் இறக்குவதில்லை. ஆகவே டேட்டா செலவு மிகக் குறைவு. மின்னஞ்சல் சந்தாவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இங்கே அந்தத் தளத்துக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரியையோ கைப்பேசி எண்ணையோ தரவேண்டியதில்லை என்பது. போதும் என்று தோன்றினால் உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்; யாரிடமும் விடைபெற வேண்டியதில்லை.

ஐபோன், ஐபேட், மேக் வைத்திருப்பவர்கள் நெட்நியூஸ்வயரை நிறுவிக்கொள்ளலாம். 2002-இல் தோன்றிய இச்செயலி இன்று முற்றிலும் இலவசமாகவும், நிரலை எவரும் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருளாகவும் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு ஃபீடர் என்ற செயலி எளிமையானது. கணக்கு எதுவும் தொடங்காமலே பயன்படுத்தலாம். கணினியில் தண்டர்பேர்ட் வைத்து மின்னஞ்சல் பார்ப்பவர்கள் அதிலேயே ஓடைகளையும் படிக்கலாம். கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே பட்டியல் வேண்டும், ஓரிடத்தில் படித்தது மற்றோரிடத்திலும் படித்ததாகக் காட்டவேண்டும் என்றால் ஃபீட்லி, இனோரீடர் போன்ற இணையச் சேவைகளில் கணக்குத் தொடங்குவது வசதி; இலவசக் கணக்கில் வரம்புகள் உண்டு என்றாலும் பதினைந்து தளங்களுக்கு அது தாராளமாகப் போதும். உங்களிடம் ஒரே ஒரு கைப்பேசிதான் என்றால் இணையச் சேவையே தேவையில்லை என்பது எம் கருத்து.

செயலியைத் திறந்து, கூட்டல் குறியைத் தொட்டு, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் தளத்தின் முகவரியை ஒட்டுங்கள். தன் ஓடை எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத் தளங்கள் பெரும்பாலும் தம் முகப்பிலேயே கண்ணுக்குத் தெரியாத வகையில் எழுதி வைத்திருக்கும். செயலி அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். முதல் வாரம் ஐந்து தளங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில தளங்கள் முழுக் கட்டுரையையும் ஓடையில் தருகின்றன. சில, தம் தளத்துக்கு வாசகர் வரவேண்டும் என்பதற்காக முதல் இரண்டு வரிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. எந்தத் தளம் எப்படி என்பது அந்த வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு தளத்தில் ஆரஞ்சு நிறச் சின்னம் ஒன்றைத் தொட்டேன். திரை முழுவதும் அடைப்புக்குறிகளும் ஆங்கிலக் குறியீடுகளுமாக வந்தது. வைரஸாக இருக்குமோ? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: அஞ்ச வேண்டாம், நீங்கள் பார்த்தது ஓடையின் உள்ளுருவம். எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறையில் செயலி படிப்பதற்காக எழுதப்பட்ட கோப்பு அது. முன்பு ஃபயர்பாக்ஸ் உலாவி அதை அழகுபடுத்திக் காட்டி, சந்தா சேரவும் வழி தந்தது. 2018 டிசம்பரில் வந்த 64-ஆம் பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த ஆரஞ்சுச் சின்னமே ஃபயர்பாக்ஸிலிருந்து பரவியதுதான். 2005 இறுதியில் மைக்ரோசாஃப்ட்டும் அதையே ஏற்றுக்கொண்ட பிறகு அது பொதுச் சின்னமாயிற்று. அந்தப் பக்கத்தைப் படிக்க முயலாமல், மேலே முகவரிப் பட்டையில் உள்ள முகவரியை நகலெடுத்து உங்கள் ஃபீட் ரீடரில் ஒட்டுங்கள்.

கேள்வி: நான் விரும்பும் தளங்களில் அந்தச் சின்னமே இல்லை, செயலியும் ‘ஓடை இல்லை’ என்கிறது. வேறு வழி உண்டா? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: சின்னம் இல்லாவிட்டாலும் ஓடை இருக்க வாய்ப்பு அதிகம். பல தளங்களில் வடிவமைப்பாளர்கள் சின்னத்தை எடுத்துவிட்டார்களே தவிர, தளத்தை இயக்கும் மென்பொருள் ஓடையைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. தளத்தை நடத்துபவருக்கே அது தெரியாமல் இருப்பதும் உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் தளமாக இருந்தால் முகவரியின் இறுதியில் சாய்கோடிட்டு ‘ஃபீட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சிட்டுப் பாருங்கள். சப்ஸ்டாக் இதழ்களுக்கும் இதே வழிதான். பழைய தமிழ் வலைப்பதிவுகளில் பெரும்பகுதி கூகுளின் பிளாகரில் இருப்பவை. அவற்றுக்கு ‘ஃபீட்ஸ்’, ‘போஸ்ட்ஸ்’, ‘டிஃபால்ட்’ ஆகிய மூன்று சொற்களையும் இந்த வரிசையில் ஆங்கிலத்தில், இடையிடையே சாய்கோடு இட்டுச் சேர்க்க வேண்டும். பிபிசி தமிழ் போன்ற செய்தித் தளங்களும் ஓடை தருகின்றன.

யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சேனலின் முகவரியை ஒட்டினாலே பெரும்பாலான ஃபீட் ரீடர்கள் கண்டுகொள்ளும். கடைசி 15 காணொளிகள் வரும். ஒரு கர்நாடக இசைச் சேனலின் புதிய பதிவுகளை மட்டும் பார்க்க நினைத்து உள்ளே போனவர், பக்கத்தில் வரும் பரிந்துரைகளில் ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வெளியே வருவதற்கு இது நல்ல மாற்று.

விக்கிப்பீடியாவிலும் இந்த வசதி இருக்கிறது. எந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்குப் போனாலும் அதற்குரிய ஓடை கிடைக்கும். உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் யார் எதை மாற்றினாலும் உங்களுக்குத் தெரியவரும். ஃபேஸ்புக்கும், முன்பு ட்விட்டர் என்று வழங்கிய எக்ஸும் ஓடை தருவதில்லை. அவற்றுக்காக நேரம் செலவழிக்க வேண்டாம். நீங்கள் விரும்பும் தளங்களில் ஒன்று மேற்சொன்ன எதற்கும் இணங்கவில்லையென்றால், ஓடையின் முகவரி என்ன என்று தளத்தாருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பது தவறில்லை.

கேள்வி: ஆர்வத்தில் நாற்பது தளங்களைச் சேர்த்தேன். அவற்றில் பாதி நாளிதழ்கள். ஒரு வாரத்தில் ‘படிக்காதவை’ ஆயிரக்கணக்கில் குவிந்துவிட்டன. எண்ணிக்கையைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. செயலியைத் திறப்பதையே விட்டுவிட்டேன். (வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். குற்றம் கருவியில் இல்லை, தேர்வில் இருக்கிறது. நாளிதழின் தளம் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான செய்திகளை வெளியிடும். அவற்றுள் எது முக்கியம் என்று தரம் பிரித்துக் காட்டுவதற்காகத்தான் அந்த இதழுக்கு முகப்புப் பக்கம் இருக்கிறது. ஓடையில் அந்தத் தரம் பிரிப்பு முழுவதும் மறைந்து, முதலமைச்சரின் அறிவிப்பும் ராசிபலனும் வந்த நேரப்படி ஒரே வரிசையில் நிற்கும். நாளிதழை நாளிதழாகவே படியுங்கள். அதன் முகப்பை ஒருமுறை திறந்து பார்த்தால் போயிற்று.

ஓடையின் உண்மையான பயன் அரிதாக எழுதுபவர்களிடம் இருக்கிறது. கல்வெட்டுகளைப் பற்றி இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டுரை எழுதும் ஆய்வாளர், ஆண்டுக்கு நான்கு இதழ் கொண்டுவரும் சிறுபத்திரிகை, எப்போதாவது ஒரு மொழிபெயர்ப்பை வெளியிடும் கவிஞர், இவர்களின் தளங்களை நாம் நாள்தோறும் போய்ப் பார்க்க மாட்டோம். மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினால் நான்காம் முறை மறந்தேவிடுவோம். சமூக ஊடகத்தில் பகிர்ந்தாலும் அவர்கள் எழுதியது நம் கண்ணில் பட்டதா இல்லையா என்பதை அந்த நிறுவனத்தின் கணக்கீடு தீர்மானிக்கிறது. ஓடையிலோ, ஆறு மாதம் கழித்து ஒரு பதிவு வந்தாலும் அது தவறாமல் உங்களிடம் வந்து சேரும். ஆகவே யார் குறைவாக எழுதுகிறார்களோ அவர்களை முதலில் சேருங்கள். துறைசார்ந்த செய்திகள் வேண்டுமென்றால் அந்தத் துறைக்கு மட்டும் உரிய ஓடையைத் தேடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் ‘ஆர்க்கைவ்’ தளம், இயற்பியலின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தனித்தனி ஓடை வைத்திருக்கிறது.

இப்போது குவிந்துகிடப்பதை என்ன செய்வது? ‘எல்லாவற்றையும் படித்ததாகக் குறி’ என்றொரு பொத்தான் எல்லாச் செயலிகளிலும் உண்டு, தயங்காமல் அழுத்துங்கள். படிக்காதவற்றின் எண்ணிக்கையை மறைத்துவைக்கவும் பல செயலிகளின் அமைப்புகளில் வழி இருக்கிறது. ஓடைத் தொழில்நுட்பத்தை வளர்த்தவர்களில் ஒருவரான டேவ் வைனரே இந்த எண்ணிக்கையை ஏற்காதவர். ஓடும் ஆற்றைப் போலச் செய்திகள் வந்துபோகட்டும், கண்ணில் பட்டதைப் படித்தால் போதும் என்பது அவர் கட்சி. கடன்கணக்குப் போல ஒரு எண்ணைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் எமக்கும் தோன்றுகிறது. வங்கியில் நீங்கள் பார்க்கும் கணக்குகள் போதாதா?

கேள்வி: கூகுள் ரீடர் மூடப்பட்டதோடு ஆர்.எஸ்.எஸ். முடிந்துவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பழைய தொழில்நுட்பத்தை இப்போது கற்பதில் பயன் உண்டா? (மென்பொருள் பணியாளர், சென்னை)

பதில்: கூகுள் ரீடர் 2005-இல் தொடங்கி 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. அது பலருக்குப் பேரிழப்பாக இருந்தது உண்மையே. ஆனால் மூடப்பட்டது, படிக்கும் கருவிகளில் ஒன்று மட்டுமே. ஓடைகள் அந்தந்தத் தளங்களுக்குச் சொந்தமானவை என்பதால் அவை அப்படியே இருந்தன. பட்டியலை எடுத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் வேறு செயலிகளுக்கு மாறினார்கள். ஃபீட்லி வளர்ந்தது அந்தச் சமயத்தில்தான்.

பழையது என்பது சரி. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் என்னும் உலாவி நிறுவனம் தன் முகப்புத் தளத்துக்காக ஆர்.எஸ்.எஸ்.ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்கள் டான் லிபியும் இராமநாதன் குகாவும். பின்னவர் சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். நெட்ஸ்கேப் ஆர்வம் இழந்தபின் டேவ் வைனர் ஒரு பக்கமும் வேறொரு குழு மறுபக்கமுமாக இழுத்தார்கள். அந்தக் குழு 2000 டிசம்பரில் வெளியிட்ட 1.0 வடிவத்தின் ஆசிரியர்களில் ஒருவரான ஆரோன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது வயது 14. வைனரின் 2.0 வடிவம் 2002-இல் வந்தது. இந்தச் சச்சரவே வேண்டாம் என்று மூன்றாவது தரப்பினர் உருவாக்கிய ‘ஆட்டம்’ என்னும் வடிவம் 2005 டிசம்பரில் இணையத் தரநிலையாயிற்று. இன்றைய செயலிகள் அனைத்தையும் படித்துவிடுவதால், எந்த வடிவம் என்று பயன்படுத்துவோர் கவலைப்பட வேண்டியதே இல்லை.

தமிழ் இணையத்துக்கும் ஓடைக்கும் நெருங்கிய உறவு இருந்தது. 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் நூற்றுக்கணக்கான தமிழ்ப் பதிவுகளின் புதிய இடுகைகள் நிமிடத்துக்கு நிமிடம் வரிசைப்பட்டு நின்றதற்கு அடிப்படை, அந்தப் பதிவுகளின் ஓடைகள்தாம். அன்று அதைப் பயன்படுத்திய பலர் அதற்கு அப்படி ஒரு பெயர் உண்டு என்று அறியாமலே பயன்படுத்தினார்கள். இன்று பாட்காஸ்ட் என்னும் இணைய ஒலிநிகழ்ச்சிகளைக் கேட்பவர்களின் நிலையும் அதுவே.

கேள்வி: பாட்காஸ்ட்டுக்குச் சந்தா சேர்ந்தால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா? டேட்டா எவ்வளவு செலவாகும்? தையல் வேலை செய்துகொண்டே கேட்க விரும்புகிறேன். (தையற்கலைஞர், திருநெல்வேலி)

பதில்: பணம் வேண்டாம். பெரும்பாலான பாட்காஸ்ட்டுகள் இலவசமே. சந்தா என்பது புதிய நிகழ்ச்சி வந்ததும் உங்கள் கைப்பேசிக்கு அதை வரவழைப்பதற்கான ஏற்பாடு மட்டும். இந்தக் குழப்பம் உலகெங்கும் இருந்ததால்தான் ஆப்பிள் நிறுவனம் 2021-இல் தன் செயலியில் ‘சந்தா’ என்ற பொத்தானை ‘பின்தொடர்’ என்று மாற்றியது. ஒரு சில நிகழ்ச்சிகள் கட்டணம் செலுத்தினால் கூடுதல் பகுதிகள் தருவதுண்டு. அப்போது வெளிப்படையாகக் கேட்பார்கள்.

முன் பதிலில் சொன்ன அதே ஆர்.எஸ்.எஸ். ஓடைதான் பாட்காஸ்ட்டுக்கும் அடிப்படை. ஓடையில் ஒவ்வொரு பதிவோடும் ஓர் ஒலிக்கோப்பின் முகவரி, அளவு, வகை மூன்றையும் இணைத்து அனுப்பும் ஏற்பாட்டை வைனர் 2000 இறுதியிலேயே சேர்த்திருந்தார். 2004-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி முதலானோர் அந்தக் கோப்பைத் தானே இறக்கி ஐபாடில் ஏற்றும் மென்பொருளைப் பரப்பினார்கள். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட்டைச் சேர்த்ததும் அது பொதுமக்களிடம் வந்துவிட்டது.

டேட்டா கணக்கு எளிது. நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் பதிந்த ஒலி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் ஆகும். அரை மணி நேர நிகழ்ச்சிக்குச் சுமார் 29 மெகாபைட். பேச்சு மட்டுமே உள்ள நிகழ்ச்சிகளைச் சிலர் 64 கிலோபிட்டில் பதிகிறார்கள். அதற்கு இதில் பாதி. அதே நேரத்துக்குக் காணொளி பார்ப்பதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். இரவில் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் பகலில் இணையமே தேவைப்படாது.

ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் என்ற செயலியை நிறுவுங்கள்; இலவசம், திறமூலம், செயலி தன் பங்குக்கு விளம்பரம் எதையும் காட்டாது. தேடுமிடத்தில் நிகழ்ச்சியின் பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் கிடைக்கும். சந்தா பொத்தானைத் தொட்டால் முடிந்தது. பிறகு அமைப்புகளில் மூன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்: தானே இறக்குவது வைஃபையில் மட்டும் நிகழட்டும், சேமித்து வைக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு வரம்பு இருக்கட்டும், கேட்டு முடித்தவை தாமாக நீங்கட்டும். இவற்றைச் செய்யாமல் விட்டால் சில வாரங்களில் கைப்பேசியில் இடமில்லை என்ற அறிவிப்பு வந்துவிடும். தையல் இயந்திர ஓசையில் பேச்சு மங்கினால் இடையிடையே வரும் மௌனத்தைத் தாண்டும் வசதியை நிறுத்திவிட்டு, வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பாட்டிஃபையில் நான் கேட்கும் ஒரு நிகழ்ச்சி, மற்ற செயலிகளில் தேடினால் வருவதில்லை. ஏன்? (பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: அந்த நிகழ்ச்சி அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மட்டும் தரப்பட்டதாக இருக்கலாம், அல்லது நடத்துபவர் அங்கே மட்டும் ஏற்றிவிட்டு, பொது ஓடையைப் பிற பட்டியல்களில் பதியாமல் விட்டிருக்கலாம். முதல் வகைக்குப் பொது ஓடையே கிடையாது, ஆகவே வழியும் கிடையாது. இரண்டாம் வகையென்றால் நிகழ்ச்சியின் சொந்தத் தளத்தில் ஓடை முகவரி இருக்கிறதா என்று பார்த்து அதை நேரடியாகச் செயலியில் ஒட்டலாம். பொது ஓடை இல்லாத ஒலிநிகழ்ச்சியைப் பாட்காஸ்ட் என்று அழைப்பதே பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு; அந்தக் கட்சியில் எம்மையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் தரப்படும் தனி ஓடைகளும் இருக்கின்றன. அவற்றின் முகவரியிலேயே உங்களுக்கு மட்டும் உரிய சாவி அடங்கியிருப்பதால், அதைக் கடவுச்சொல்லைப் போலக் காத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: புதிய கைப்பேசி வாங்கப்போகிறேன். சேர்த்துவைத்த ஓடைகளையும் பாட்காஸ்ட்டுகளையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டுமா? (மருந்தகர், ஈரோடு)

பதில்: வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா ஃபீட் ரீடர்களும் பெரும்பாலான பாட்காஸ்ட் செயலிகளும் உங்கள் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்னும் ஒரே வகைக் கோப்பாக வெளியே தருகின்றன. அமைப்புகளில் ‘ஏற்றுமதி’ என்று தேடுங்கள். ஓடைகளின் பெயரும் முகவரியும் மட்டுமே இருப்பதால், நூறு சந்தாக்கள் இருந்தாலும் கோப்பு மிகச் சிறியதாகத்தான் இருக்கும். அதை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவைத்து, புதிய கைப்பேசியில் ‘இறக்குமதி’ கொடுத்தால் பட்டியல் முழுவதும் வந்துவிடும். வேறு நிறுவனத்தின் செயலிக்கு மாறினாலும் இதே கோப்பு செல்லும். 2024-இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி மூடப்பட்டபோது பயனாளர்கள் தங்கள் சந்தாக்களை வெளியே கொண்டுசென்றதும் இந்த வழியில்தான். சேவை மூடப்படும் என்ற அறிவிப்பு வரும்வரை காத்திராமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தனி ஓடைகள் உங்களிடம் இருந்தால் அவற்றின் சாவியும் இந்தக் கோப்பில் இருக்கும் என்பதால், நண்பர்களுக்குப் பகிருமுன் அந்த வரிகளை நீக்கிவிட வேண்டும்.

எவற்றைக் கேட்டு முடித்தீர்கள், எந்த நிமிடத்தில் நிறுத்தினீர்கள் என்ற விவரம் மட்டும் ஓ.பி.எம்.எல். கோப்பில் இராது. ஆன்டெனாபாட் பயன்படுத்துபவராக இருந்தால் அதே பகுதியில் ‘தரவுத்தள ஏற்றுமதி’ என்று தனியாக ஒன்று உண்டு. அதைப் புதிய கைப்பேசியின் ஆன்டெனாபாடில் ஏற்றினால் பாதியில் நிறுத்திய நிகழ்ச்சியை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.